நான்காவது பெட்டியின் சுரம்

கராகோல் நகரம். நவம்பர் தொடக்கம்.
புருல்சாவின் சமையலறை மேசையில்
சீட்டுக்கட்டு அளவில் நான்கு கணினிகள்.
திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது.
தலையில்லாதவை என்பார்கள் அவள் தொழிலில்.
முண்டங்கள்.
தலைவலி வராது அவற்றுக்கு,
சுரம் வரும்.

ஐந்து விநாடிக்கு ஒருமுறை
மடிக்கணினியிலிருந்து விசாரிக்கிறாள்,
எப்படி இருக்கிறாய்?
48312 என்கிறது ஒன்று.
ஆயிரத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும்.
இவ்வளவு துல்லியமாக
அவளுக்கு யாரும் பதில் சொன்னதில்லை,
எசென்குலும் சேர்த்து.

எசென்குல் அவள் கணவன்.
ரொட்டியை எங்கே வைப்பது என்று
தட்டோடு நிற்கிறான்.
குளிர்பெட்டியின் மேல் வை, என்கிறாள்
எண்ணிலிருந்து கண் எடுக்காமல்.

பிறகு வேலை கொடுத்தாள்.
பகா எண்களைத் தேடு.
கிடைத்ததும் தூக்கி எறி.
அடுத்ததைத் தேடு.
யாருக்கும் வேண்டாத எண்கள்,
உழைக்கும்போது எவ்வளவு கொதிக்கிறாய்
என்பது மட்டும்தான் வேண்டும்.
(எனக்கும் இப்படி ஒரு அலுவலகம் இருந்தது.
அங்கே யாரும் வெப்பம் பார்க்கவில்லை.)

முதலாவது அறுபத்தொன்பதில் நின்றது.
இரண்டாவதும் ஏறக்குறைய அங்கேயே.
மூன்றாவதின் விசிறி
தூக்கத்தில் பல் நெறிக்கும் குழந்தைபோல்
ஒரு சத்தம் போட்டு, பிறகு அடங்கியது.
நான்காவது
எழுபத்தெட்டு,
எண்பது,
எண்பத்திரண்டு.
அங்கே, யாரும் சொல்லாமலே,
தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

பசையைச் சுரண்டி வேறு பூசினாள்.
திருகை இறுக்கினாள்.
அலுமினியத் துடுப்புகளை ஊதினாள்.
மறுபடி எண்பத்திரண்டு.
சில பேர் பிறவியிலேயே சூடு.

படிவத்தில் எழுதினாள், தேறவில்லை.
என் மொழியில்
தேர்வுக்கும் காய்ச்சலுக்கும் அதே சொல்தான்.
அவளுக்கு அது தெரியாது.

இரவு ஒன்பதுக்கு மிர்சாத் அழைத்தான்.
குதிரைக்காரன்.
மேலே பனியாற்றின் அடியில் ஓர் ஏரி,
அதன் கரையில் தகரப் பெட்டி,
பெட்டிக்குள் நீர்மட்டம் பார்க்கும் கணினி.
ஏரி உடைந்தால்
பதினேழு நிமிடத்தில் வெள்ளம் கிராமத்தில்.
போன குளிர்காலத்துப் பெட்டியை
இப்போதுதான் திறந்தானாம்.
கணினிக்கு ஒன்றும் இல்லை.
மின்கலம்தான் விறைத்துச் செத்திருந்தது.

அவள் பேசாமல் இருந்தாள் கொஞ்ச நேரம்.
எண்பதைத் தாண்டுமோ என்று
நாளெல்லாம் பயந்தவள்.

நான்காவதையும் ஒரு மின்கலத்தையும்
கம்பளித்துணி திணித்த பெட்டியில் வைத்து
மாடிமுகப்பில் கொண்டுபோய் வைத்தாள்.
வெளியே கழித்தல் பதினொன்று.
பகா எண்களைத் தேடச் சொன்னாள்.
மின்கலத்தின் பக்கம் கழித்தல் ஆறு.
கழித்தல் மூன்று.
சுழி.
இரண்டு.
ரொட்டி கடித்தபடி எசென்குலும் வந்து பார்த்தான்.
இது அடுப்பா, கணினியா என்றான்.
தெரியவில்லை என்றாள்.

சூரியத்தகடு சின்னது.
பகல் வெயிலைச் சேர்த்துவைத்து
இரவில் பகா எண்ணாக எரிப்பது
கணக்கில் இடித்தது.
மணிக்குப் பன்னிரண்டு நிமிடம்,
அதற்கு மேல் தர முடியாது என்று
தன்னோடு தானே பேரம் பேசி முடித்தாள்.
படிவத்தில் எழுதியதை அடிக்கவில்லை.
கீழே இன்னொரு வரி சேர்த்தாள்,
ஏரிக்கு இதையே அனுப்பவும்.

மலைவழிக்கும் சுரம் என்று பெயர் உண்டு.
மிர்சாத்தின் குதிரை
அணைந்த பெட்டியைச் சுமந்துகொண்டு ஏறியது.

ஜனவரி. பின்னிரவு மூன்று மணி.
மேலே கழித்தல் இருபத்தேழு.
தொடர்பு அறுந்து நாற்பது நிமிடம் ஆகிறது.
புருல்சா தேநீர் போட்டாள், குடிக்க மறந்தாள்.
கேட்டாள்.
கேட்டாள்.
பதில் இல்லை.
கேட்டாள்.

64281.

வகுக்காமல்
அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.